ஆபீஸ் பிரிண்டர் உங்கள் பொறுப்புக்கு வந்துவிட்டதா?

சிறிய ஆபீஸ்களில் பிரிண்டரைப் பார்த்துக்கொள்ள என்று யாரையும் வேலைக்கு எடுப்பதில்லை. ஒரு நாள் யாரோ ஒருவர் உள்ளே சிக்கிய காகிதத்தைக் கிழியாமல் வெளியே எடுத்துவிடுவார். அன்றிலிருந்து அது அவர் தலையில்தான். எனக்கும் அப்படித்தான் வந்து சேர்ந்தது. பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் ஆடிட்டர் ஆபீஸ், நான்கு பிரிண்டர், அதில் ஒன்று எப்போதும் ரிப்பேர். "பிரிண்டுக்கு மாசம் எவ்வளவுப்பா ஆகுது?" என்று ஆடிட்டர் கேட்டபோது, "டோனர் அடிக்கடி தீர்ந்துடுது சார்" என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை.

இப்போது அந்த இடத்தில் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஐந்து பேரிலிருந்து முப்பது பேர் வரை உள்ள ஆபீஸ், ஒன்றிரண்டு லேசர் பிரிண்டர், பாட்டிலிலிருந்து மை ஊற்றும் ஒரு இன்க் டேங்க் பிரிண்டர், ஒருவேளை வாடகைக்கு ஒரு ஜெராக்ஸ் மெஷின் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மாதம்: எண்ணுவது மட்டும்

வந்தவுடன் எதையும் மாற்ற வேண்டாம். ஒரு மாதம் எண்ணுங்கள். ஒவ்வொரு பிரிண்டருக்குள்ளும் இதுவரை எத்தனை பக்கம் அடித்திருக்கிறது என்ற கணக்கு இருக்கும். மெனு உள்ள பிரிண்டரில் கான்ஃபிகரேஷன் பேஜ் என்று ஒரு பக்கம் எடுத்தால் அதில் வரும். நெட்வொர்க்கில் இருக்கும் பிரிண்டர் என்றால் அதன் ஐ.பி. முகவரியை பிரவுசரில் தட்டினாலே போதும், பக்கக் கணக்கு, டோனர் அளவு எல்லாம் திரையில் வந்துவிடும். (அந்தப் பக்கத்துக்கு பாஸ்வேர்டு இல்லாமல் இருந்தால், அல்லது கம்பெனி போட்ட பாஸ்வேர்டே இருந்தால், கையோடு மாற்றிவிடுங்கள்.) 1ஆம் தேதி ஒரு முறை, அடுத்த மாதம் 1ஆம் தேதி ஒரு முறை குறித்துவைத்தால் மாதக் கணக்கு கிடைத்துவிடும்.

கணக்கு எடுக்க வழி தெரியாத பழைய பிரிண்டருக்கு ரீமை வைத்து எண்ணலாம். ஒரு ரீம் 500 தாள். ரீமைப் பிரிக்கும் தேதியை அதன் உறையிலேயே எழுதிவைக்கச் சொல்லுங்கள். கார்ட்ரிட்ஜ் மாட்டும்போதும் மேலே ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டி, தேதியும் அப்போதைய பக்க எண்ணும் எழுதுங்கள். எனக்கு அதிகம் உதவியது இந்த ஸ்டிக்கர்தான். "ஆயிரத்து ஐநூறு பக்கம் கண்டிப்பா வரும்" என்று சொல்லும் ரீஃபில்காரரிடம், "போன தடவை தொள்ளாயிரம்தான் வந்தது" என்று ஸ்டிக்கரைக் காட்டிப் பேச முடியும்.

யார் எவ்வளவு அடிக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் விண்டோஸிலேயே வழி இருக்கிறது. கம்ப்யூட்டரில் நடப்பதைப் பதிவு செய்து காட்டும் ஈவென்ட் வியூவரில் பிரிண்ட் சர்வீஸ் என்ற பிரிவின் கீழே ஆப்பரேஷனல் என்று ஒரு பதிவேடு உண்டு. சாதாரணமாக அது ஓடாது, நாம்தான் ஓடவிட வேண்டும். அதன் பிறகு அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து போகும் ஒவ்வொரு பிரிண்டும் 307 என்ற எண்ணோடு, யார், எத்தனை பக்கம் என்று பதிவாகும். ஒன்று மட்டும் சொல்கிறேன்: இப்படிப் பார்க்கப்போவதை எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வந்த பட்டியலைச் சுவரில் ஒட்டாதீர்கள். நான் ஒட்டினேன். முதலிடத்தில் இருந்தவர், மற்றவர்களுடைய ஃபைல்களுக்கும் சேர்த்து பிரிண்ட் எடுத்துக்கொடுப்பவர் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஒரு வாரம் அவர் என்னோடு பேசவில்லை.

பக்கத்துக்கு எத்தனை பைசா

பிரிண்டர் விலையைப் பார்த்து வாங்கும் ஆபீஸ்தான் அதிகம். ஆனால் நீங்கள் மாதாமாதம் பணம் கொடுப்பது பக்கத்துக்கு. அந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

கார்ட்ரிட்ஜ் டப்பாவில் "2000 பக்கம்" என்று போட்டிருப்பது ஐ.எஸ்.ஓ. தர முறைப்படி அளந்த எண். கறுப்பு டோனருக்கு 19752 என்பது அந்தத் தரத்தின் எண். அதில் அடிக்கும் மாதிரிப் பக்கத்தில் மை விழும் இடம் ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து பங்குதான், அதாவது ஒரு சின்னக் கடிதம் அளவுக்கு. உங்கள் ஆபீஸில் கட்டம் போட்ட பேலன்ஸ் ஷீட்டும், தலைப்புவரிசைக்குச் சாம்பல் நிறம் அடித்த அட்டவணையும் போகிறது என்றால் அந்த 2000 ஒருநாளும் வராது. டப்பா பொய் சொல்லவில்லை, உங்கள் பக்கம் அந்தப் பக்கம் இல்லை, அவ்வளவுதான்.

நம் ஊர் ஆபீஸ்களில் அதிகம் பார்க்கும் மூன்றை எடுத்துக்கொள்வோம். ஹெச்.பி. 1020 போன்ற பழைய பிரிண்டருக்குப் போடும் 12ஏ கார்ட்ரிட்ஜ் 2000 பக்கம். அதற்குப் பின்னால் வந்த சிறிய மாடல்களின் 88ஏ 1500 பக்கம். எப்சன் இன்க் டேங்க் பிரிண்டரின் 003 கறுப்பு பாட்டில் 65 மி.லி., 4500 பக்கம். விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். அதனால் கணக்குக்காக மட்டும் சில விலைகளை வைத்துக்கொள்வோம், நீங்கள் உங்கள் பில்லில் உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரிஜினல் டோனர் 4000 ரூபாய், 2000 பக்கம் என்றால் பக்கத்துக்கு 2 ரூபாய். அதே கார்ட்ரிட்ஜை 350 ரூபாய்க்கு ரீஃபில் செய்து 1500 பக்கம் வந்தால் 23 பைசா. இன்க் பாட்டில் 450 ரூபாய், 4500 பக்கம் என்றால் 10 பைசா. காகிதம் ரீம் 275 ரூபாய் என்றால் தாளுக்கு 55 பைசா.

இந்த நான்கு எண்களையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஒரிஜினல் டோனர் போடும் ஆபீஸில் செலவு மையில் இருக்கிறது. ரீஃபில் போடும் ஆபீஸிலும், இன்க் டேங்க் வைத்திருக்கும் ஆபீஸிலும் மையைவிடக் காகிதம்தான் அதிகம். இது தெரியாமல், "டிராஃப்ட் மோடில் அடி, ஃபான்டை மாற்று" என்று பொதுவாகச் சொல்லும் யோசனைகளை எடுத்துக்கொண்டு ஓடினால் ஒன்றும் மிச்சமாகாது. இரண்டு பக்கமும் அடித்தால் பக்கத்துக்கு 27 பைசா போல மிச்சம். இன்க் டேங்கில் ஒரு பக்கத்துக்கு ஆகும் 65 பைசாவில் அது நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல். ஒரிஜினல் டோனரின் 2 ரூபாய் 55 பைசாவிலோ பத்தில் ஒரு பங்குதான், அங்கே மையைக் குறைத்தால்தான் பில் இறங்கும். உங்கள் ஆபீஸ் எந்தப் பக்கம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். கீழே சொல்வதில் எது உங்களுக்கு முக்கியம் என்பது அதைப் பொறுத்தது.

காகிதம்

கடைக்காரர் 75 ஜி.எஸ்.எம். என்று கொடுப்பது உண்மையில் எத்தனை என்று ஒரு சமையலறைத் தராசை வைத்தே பார்த்துவிடலாம். ஜி.எஸ்.எம். என்றால் ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். ஏ4 தாள் பதினாறு சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். அப்படியானால் 500 தாள் கொண்ட ரீம், 70 ஜி.எஸ்.எம். என்றால் 2.18 கிலோ, 75 என்றால் 2.34 கிலோ, 80 என்றால் 2.5 கிலோ இருக்க வேண்டும். உறையின் எடை கொஞ்சம் கூடும். கணிசமாகக் குறைந்தால், தாள் மெலிது அல்லது எண்ணிக்கை குறைவு. ஆபீஸ் உள் வேலைக்கு 70 தாராளமாகப் போதும். இரண்டு பக்கமும் அடித்தால் மறுபக்கத்து எழுத்து தெரிகிறது என்று யாராவது முகம் சுளித்தால் 75க்குப் போகலாம். கரூர் மாவட்டம் புகளூரில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் டி.என்.பி.எல்.லின் காப்பியர் தாளைத்தான் நாங்கள் பல வருடமாக வாங்குகிறோம், குறை சொல்ல ஒன்றுமில்லை.

காகிதத்துக்கு எதிரி ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பிரித்து வைத்த ரீம் ஈரத்தை இழுத்துக்கொண்டு சுருளும், பிரிண்டருக்குள் சிக்கும். டெக்னீஷியனைக் கூப்பிடும் முன் புது ரீம் ஒன்றைப் பிரித்துப் போட்டுப் பாருங்கள், பாதி ஜாம் அதிலேயே சரியாகிவிடும். ரீமைத் தரையில் வைக்காதீர்கள். பிரித்ததில் மிச்சத்தை உறையோடு மூடி வையுங்கள்.

ஒருபக்கம் அடித்த பழைய தாளைத் திருப்பிப் போட்டு மறுபடி பிரிண்ட் எடுக்கும் பழக்கம் எல்லா ஆபீஸிலும் உண்டு. நான் அதை நிறுத்திவிட்டேன். ஸ்டேப்ளர் பின் ஒன்று உள்ளே போனால் மிச்சம் பிடித்த காகிதத்தின் விலையைப்போல் பல மடங்கு ரிப்பேருக்குப் போகும். அதைவிட முக்கியம், ஒரு கிளையன்ட்டின் பான் எண்ணும் வருமானமும் இருக்கும் தாளின் பின்பக்கத்தில் இன்னொருவருடைய கடிதம் அடித்து அவர் கைக்கே போய்விடும். அந்தத் தாள்களை வெட்டி, குறிப்பு எழுதும் அட்டையாகக் கட்டிக்கொள்ளலாம், அதுவும் ஆபீஸுக்குள் மட்டும்.

செட்டிங்கை ஒரு முறை மாற்றினால் போதும்

"இரண்டு பக்கமும் அடியுங்கள்" என்று நோட்டீஸ் ஒட்டுவதில் பயனில்லை. பிரிண்டர் தானாகவே இரண்டு பக்கமும் அடிக்கும்படி வைத்துவிட்டால், ஒருபக்கம் வேண்டியவர் மட்டும் மெனக்கெட்டு மாற்றிக்கொள்வார். விண்டோஸில் இதில் ஒரு சிக்கல் உண்டு. பிரிண்டிங் பிரிஃபரன்சஸ் என்ற இடத்தில் மாற்றினால் அந்த யூசருக்கு மட்டும்தான் மாறும். பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ் போய், அட்வான்ஸ்டு பக்கத்தில் பிரிண்டிங் டிஃபால்ட்ஸ் என்பதில் மாற்றினால்தான் அந்தக் கம்ப்யூட்டரில் எல்லோருக்கும் பொருந்தும். கலர் பிரிண்டரானால் அதே இடத்தில் கறுப்பு வெள்ளையையும் இயல்பாக வைத்துவிடுங்கள்.

இன்னொன்று: விண்டோஸ் 10 வந்ததிலிருந்து, கடைசியாக எந்தப் பிரிண்டரில் அடித்தீர்களோ அதையே அடுத்த தடவைக்கும் முதல் பிரிண்டராக அதுவே எடுத்துக்கொள்ளும் வசதி ஒன்று இருக்கிறது. காலையில் ஒரு லோகோவைக் கலர் பிரிண்டரில் அடித்தவர், மதியம் நாற்பது பக்க லெட்ஜரையும் தெரியாமல் அதிலேயே அனுப்புவது இதனால்தான். செட்டிங்ஸில் பிரிண்டர்கள் பக்கத்தில் அதை அணைத்துவிடலாம்.

எக்செல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஆபீஸில் குப்பைக்குப் போன தாள்களை ஒரு வாரம் தனிப் பெட்டியில் போட்டுவைத்துப் பார்த்தேன். பெரும்பாலும் எக்செல். அட்டவணையின் கடைசி ஒரு காலம் (நெடுவரிசை) மட்டும் அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்பட்டு, பத்துப் பக்க அறிக்கை இருபது பக்கமாகி வந்திருக்கும். பேஜ் லேஅவுட்டில் அகலத்தை ஒரு பக்கத்துக்குள் அடங்கும்படி வைப்பது, வேண்டிய பகுதியை மட்டும் பிரிண்ட் ஏரியாவாகக் குறிப்பது, அனுப்பும் முன் பிரிவ்யூவில் மொத்தப் பக்க எண்ணைப் பார்ப்பது, இந்த மூன்றையும் ஆடிட்டர் பயிற்சிக்குப் புதிதாகச் சேரும் ஆர்ட்டிகிள் பையன்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கிறேன். டோனர் மிச்சம் பிடிக்கும் எந்த வித்தையும் இதன் பக்கத்தில் வராது.

டிராஃப்ட் அல்லது எகனாமி மோடு, ஒரிஜினல் டோனர் போடுபவர்களுக்கு உதவும். சரிபார்க்க மட்டும் எடுக்கும் பிரதிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெராக்ஸ் எடுக்கும்போது மூடியைத் திறந்தே வைத்திருப்பார்கள் பலர். ஆதார் அட்டையைச் சுற்றி முழுத் தாளும் கறுப்பாக வரும். அந்த ஒரு பக்கத்துக்குப் போகும் டோனரில் எத்தனையோ கடிதங்கள் அடித்துவிடலாம். மூடியை மூடச் சொல்லுங்கள். ஐ.டி. கார்டு காப்பி என்ற பட்டன் இருந்தால் அதைக் காட்டிக்கொடுங்கள், அட்டையின் முன்னும் பின்னும் ஒரே பக்கத்தில் வந்துவிடும்.

பிரிண்டே வேண்டுமா?

பழக்கத்தால் எடுக்கும் பிரிண்டுகள் எத்தனையோ. ஜி.எஸ்.டி. விதி 48இன்படி சரக்கு விற்பனைக்கு இன்வாய்ஸ் மூன்று பிரதி: வாங்குபவருக்கு, வண்டிக்கு, நமக்கு. சேவைக்கு இரண்டு போதும். ஆனால் சேவை நிறுவனங்களும் மூன்று அடிப்பதைப் பார்க்கிறேன். அரசுத் தளத்தில் பதிவு செய்யும் இ-இன்வாய்ஸ் போடும் நிறுவனத்துக்கு இந்த மூன்று பிரதி, இரண்டு பிரதி விதியே பொருந்தாது. வண்டியில் இ-வே பில்லை (சரக்கு கொண்டுபோக ஆன்லைனில் எடுக்கும் சீட்டு) காகிதமாகத்தான் கொண்டுபோக வேண்டும் என்றில்லை, எண்ணைக் காட்டினாலும் போதும். வருமான வரி ரிட்டர்னை ஆதார் ஓ.டி.பி. போட்டுச் சரிபார்த்துவிட்டால் ஐ.டி.ஆர்.-வி என்ற ஒப்புகைப் பிரதியைக் கையெழுத்திட்டு பெங்களூருக்குத் தபாலில் அனுப்பும் வேலையும் இல்லை. ஜி.எஸ்.டி. கணக்குகளை அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும், கம்ப்யூட்டரில் வைத்திருக்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. பேக்கப் மட்டும் ஒழுங்காக இருக்க வேண்டும். வங்கிக் கடன் ஃபைல் இன்னும் காகிதத்தில்தான் நகர்கிறது, அதில் வாதாடிப் பிரயோஜனமில்லை.

ரீஃபில் போடலாமா?

போடலாம், நான் போடுகிறேன். 12ஏ போன்ற கார்ட்ரிட்ஜில் டோனர் பொடி மட்டும் இல்லை, பிரிண்டின் படத்தை உண்டாக்கும் டிரம், அதை வழித்துவிடும் பிளேடு, வழித்த கழிவுப் பொடி சேரும் அறை எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. பொடியை நிரப்பினால் பொடிதான் புதிது, டிரம் பழையதுதான். மூன்று நான்கு முறைக்குப் பிறகு டிரம்மையும் பிளேடையும் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் கழிவு அறையைக் காலி செய்தாரா என்று கேளுங்கள். அது நிறைந்தால் பொடி பிரிண்டருக்குள் கொட்டும். வேலை உங்கள் கண் முன்னால் நடக்கட்டும், ஆனால் ஏ.சி. அறையில், டேபிள் மேல் வேண்டாம், வெளியே வராந்தாவில்.

கறுப்புப் புள்ளியோ கோடோ தாளில் திரும்பத் திரும்ப விழுந்தால் ஒரு ஸ்கேல் எடுத்து இடைவெளியை அளந்து பாருங்கள். 12ஏ வகையில் சுமார் 7.5 செ.மீ.க்கு ஒரு முறை வந்தால் டிரம்மில் கீறல், ஏனென்றால் டிரம் ஒரு சுற்றுச் சுற்றும் தூரம் அது. வேறு இடைவெளி என்றால் வேறு ரோலர். இதைச் சொல்லிப் பேசினால் டெக்னீஷியன் தேவையில்லாத பாகத்தை மாற்ற மாட்டார்.

எழுத்து மங்கினால் கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து இடமும் வலமும் மெதுவாக ஐந்தாறு முறை ஆட்டிப் போடுங்கள். இன்னும் ஒரு சில நாள் ஓடும். சட்டையில் பொடி கொட்டினால் தட்டிவிட்டு, பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் கூடாது, சூட்டில் உருகி ஒட்டத்தான் அந்தப் பொடியைச் செய்திருக்கிறார்கள்.

மின்சாரமும் நெட்வொர்க்கும்

லேசர் பிரிண்டரை கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸில் மாட்டாதீர்கள். பொடியை உருக்கும் ஃப்யூசர் ஏறக்குறைய 200 டிகிரி வரை சூடாக வேண்டும், அந்த நேரத்தில் சட்டென்று மின்சாரத்தை இழுக்கும். 600 வி.ஏ. யு.பி.எஸ். கொடுப்பது 360 வாட் போலத்தான். பிரிண்ட் கொடுத்த நொடியில் யு.பி.எஸ். கத்தி, நான்கு பேருடைய கம்ப்யூட்டரும், அதில் திறந்திருக்கும் டேலி கணக்கும் சேர்ந்து அணையும். நேராக சுவர் பிளக்கில் மாட்டுங்கள்.

இன்க் டேங்குக்கு வேறு பழக்கம் வேண்டும். சாயங்காலம் போகும்போது மெயினை அணைத்துவிட்டுப் போவது நம் ஆபீஸ்களில் வழக்கம். இன்க் பிரிண்டரை முதலில் அதன் பட்டனில் அணைக்க வேண்டும். அப்போதுதான் மை தெளிக்கும் ஹெட் ஓரமாகப் போய் மூடிக்குள் உட்காரும். அடித்துக்கொண்டிருக்கும்போது சுவரிலேயே அணைத்தால் ஹெட் திறந்தபடி நின்று காய்ந்து அடைத்துக்கொள்ளும். அடைப்பை எடுக்க ஹெட் கிளீனிங் கொடுத்தால் மை வீணாகும். வாரத்தில் ஒரு நாள் ஒரு சின்னக் கலர் பக்கம் அடித்துவிடுங்கள். கோடு விழுந்தால் முதலில் நாசில் செக் (மைத் துளைகள் அடைத்திருக்கிறதா என்று காட்டும் மாதிரிப் பக்கம்), அதில் குறை தெரிந்தால் மட்டும் கிளீனிங்.

கரன்ட் போய் வந்ததும் "பிரிண்டர் ஆஃப்லைன்" என்று காட்டுகிறதா? ரௌட்டர் பிரிண்டருக்கு வேறு ஐ.பி. கொடுத்திருக்கும். ரௌட்டரில் அந்தப் பிரிண்டருக்கு ஒரே முகவரியை ஒதுக்கிவைத்துவிட்டு, கம்ப்யூட்டர்களில் டி.சி.பி. ஐ.பி. போர்ட்டாக அதைச் சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும். பிரிண்ட் க்யூவில் ஏதாவது ஒன்று அழியாமல் நின்றுவிட்டால், விண்டோஸ் சர்வீசஸில் பிரிண்ட் ஸ்பூலரை (பிரிண்டுகளை வரிசையில் வைத்து அனுப்பும் சர்வீஸ்) நிறுத்தி மறுபடி ஓடவிடுங்கள். நூறு தடவை பிரிண்ட் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் நூறும் பிறகு சேர்ந்து வரும்.

வாடகை மெஷின்

மாதம் சில ஆயிரம் பக்கம் தாண்டினால் வாடகை ஜெராக்ஸ் மெஷின் கட்டுப்படியாகலாம். மெஷின் அவர்களுடையது, டோனரும் ரிப்பேரும் அவர்கள் செலவு, நாம் பக்கத்துக்கு இத்தனை பைசா கொடுப்போம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை உண்டு. மாதத்துக்குக் குறைந்தபட்சம் எத்தனை பக்கம்? அதைவிடக் குறைவாக அடித்தாலும் முழுப் பணம் கட்ட வேண்டும், ஆகவே உங்கள் மெலிந்த மாதத்தின் கணக்கை வைத்துப் பேசுங்கள். எங்கள் தொழிலில் செப்டம்பரும் நவம்பரும் ஒரு மாதிரி, பிப்ரவரி வேறு மாதிரி. ஏ3 ஒரு பக்கமா இரண்டா? டெக்னீஷியன் எடுக்கும் டெஸ்ட் பக்கங்கள் யார் கணக்கில்? காகிதம் யாருடையது? கலர் மெஷினானால், கறுப்புக் கடிதத்தில் நீல நிறத்தில் ஒரு இமெயில் முகவரி இருந்தாலும் அது கலர் பக்கமாகக் கணக்காகுமா? பெரும்பாலும் ஆகும். லெட்டர்ஹெட்டைக் கறுப்பில் மாற்றிய பிறகு எங்கள் கலர் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியும்படி இறங்கியது.

மீட்டர் ரீடிங் எடுக்க அவர்கள் ஆள் வரும்போது நீங்களும் பக்கத்தில் நின்று உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

பெரிய மெஷின்களில் பலவற்றுக்குள் ஹார்டு டிஸ்க் உண்டு, ஸ்கேன் செய்த பக்கங்கள் அதில் தங்கியிருக்கலாம். ஒப்பந்தம் முடிந்து மெஷினைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் டிஸ்க்கை அழித்துக் காட்டச் சொல்லி, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய கார்ட்ரிட்ஜும் செத்துப்போன பிரிண்டரும் பழைய பேப்பர் கடைக்குப் போகக் கூடாது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளில் பிரிண்டரோடு கார்ட்ரிட்ஜும் சேர்ந்திருக்கிறது. பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுவையுங்கள், கார்ட்ரிட்ஜை அதன் பழைய பிளாஸ்டிக் பையிலேயே கட்டி. இல்லாவிட்டால் பெட்டியை நகர்த்தும் அன்று அலமாரி முழுக்கக் கறுப்பாகிவிடும்.